நிழலும் ஊசலும்

காலத்தின் பெயராலேயே வழங்கும் அத்தியாயம் ஒன்று திருமறையில் இருக்கிறது. நம் பிள்ளைகள் மக்தபில் முதன்முதலாக மனனம் செய்யும் சிறிய அத்தியாயங்களுள் அதுவும் ஒன்று. ஐவேளைத் தொழுகையின் நேரங்களும் கதிரவனைக் கொண்டே வகுக்கப்பட்டிருக்கின்றன. கீழ்வானில் வெண்மை படர்தல், உச்சி சாய்தல், நிழல் நீளுதல், பரிதி மறைதல், செவ்வானம் அகலுதல் என்னும் ஐந்தும் கண்ணால் காணத்தக்க அடையாளங்கள். ஏழையும் செல்வனும், கற்றவனும் கல்லாதவனும் ஒருபோலக் காணத்தக்கவை. ஆனால் இன்று வானத்தை அண்ணாந்து பார்த்து வேளை அறிபவர் நம்மில் எத்தனை பேர்? பள்ளிவாசல் சுவரில் மின்னணுப் பலகை ஒளிர்கிறது. சட்டைப் பையில் கைப்பேசி பாங்கு சொல்கிறது. கடிகாரம் சொல்வதால்தான் வேளை வருகிறது என்று எண்ணும் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. வந்துவிட்ட வேளையை அறிவிக்கும் பணியாள்தான் கடிகாரம் என்பது மறந்துபோயிற்று.

மாணவர்களுக்கு ஃபிக்ஹு நூலில் தொழுகை நேரங்களின் பாடத்தை நடத்தும்போதெல்லாம் நாம் ஒரு கேள்வி கேட்பது வழக்கம்: "ஜூன் மாத நண்பகலில் நம் ஏம்பலத்தில் நட்ட கம்பின் நிழல் எந்தத் திசையில் விழும்?" பெரும்பாலும் "வடக்கே" என்ற விடையே வரும். டமாஸ்கஸும் கெய்ரோவும் போன்ற வடபுல நகரங்களில் வாழ்ந்த பெருமக்கள் எழுதிய நூல்களைப் படித்துப் பழகிய விடை அது. அந்நகரங்களில் நண்பகல் நிழல் ஆண்டு முழுவதும் வடக்கேதான் விழும். நம் ஊரோ நிலநடுக்கோட்டிலிருந்து பன்னிரண்டு பாகைக்குச் சற்றுக் குறைவான தொலைவில் இருக்கிறது. ஏப்ரல் 21ஐ ஒட்டியும், மீண்டும் ஆகஸ்டு 21, 22ஐ ஒட்டியும் கதிரவன் நம் தலைக்கு நேர் மேலே வந்து நிற்கிறது. அந்நாட்களில் நண்பகலில் நிழலே இல்லை. இடைப்பட்ட நான்கு மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கு நோக்கி விழுகிறது. முற்றத்தில் ஒரு கம்பை நட்டுப் பார்த்தால் ஒரே நாளில் தெளிவாகும் உண்மை இது. அந்தக் கம்பை நடத்தான் ஆள் இல்லை.

அப்படி நடத் தெரிந்த ஒருவர் நம்மிடையே இருக்கிறார். நாம் தொழச் செல்லும் பள்ளிவாசலின் மோதினார் அவர். எழுபதைக் கடந்தவர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாங்கு சொல்லிவருபவர். ஓதும் பள்ளியில் சில ஆண்டுகளே பயின்றவர் என்றாலும், ஹவுளின் ஓரத்தில் ஒரு முழ நீளக் கோலை நட்டு, அதன் நிழல் விளிம்பில் கூழாங்கல் வைத்து, லுஹரையும் அஸரையும் பிழையின்றிச் சொல்லுவார். கோலின் நிழல், நண்பகலில் இருந்த அளவுபோகக் கோலின் உயரத்துக்குச் சமமானால் ஷாஃபிஈ மத்ஹபின்படி அஸர் வந்துவிடுகிறது என்பதையும், இமாம் அபூஹனீஃபா அவர்களின் புகழ்பெற்ற கூற்றின்படி அது இரு மடங்காக வேண்டும் என்பதையும் அந்தக் கூழாங்கற்களைக் கொண்டே சிறுவர்களுக்கு விளக்கிவிடுவார். நாம் ஒரு மணி நேரம் கரும்பலகையில் எழுதி விளக்குவதை அவர் இரண்டு கற்களில் முடித்துவிடுவார்.

சில ஆண்டுகளாக அவர் கண்பார்வை மங்கிக்கொண்டே வந்தது. கண்ணுக்குள் நீரழுத்தம் மிகும் நோய் என்றார்கள் மருத்துவர்கள். சிகிச்சை மேலும் கெடாமல் காத்ததே தவிர, போன பார்வையை மீட்கவில்லை. முதலில் கூழாங்கல் தெரியாமற் போயிற்று. பிறகு கோலும் தெரியாமற் போயிற்று. "தம்பி, மணி என்ன?" என்று வருவோர் போவோரிடமெல்லாம் கேட்கலானார். சிலர் பொறுமையாகச் சொன்னார்கள், சிலர் சலித்துக்கொண்டார்கள். ஒரு நாள் சிறுவன் ஒருவன் விளையாட்டாகச் சொன்ன தவறான நேரத்தை நம்பி அஸருக்குரிய பாங்கை வேளைக்கு முன்னரே சொல்லிவிட்டார். நிர்வாகத்தார் கூடிப் பேசினார்கள். அவர் ஓய்வு பெறட்டும், மாதச் சம்பளம் நின்றுவிடாது என்று அன்போடுதான் முடிவு செய்தார்கள். அவர் அதை ஏற்கவில்லை. "வேலை செய்யாமல் பள்ளிப் பணத்தை நான் எப்படி வாங்குவேன், ஹஜ்ரத்?" என்று நம்மிடம் கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடும் பொறுப்பு நம்மீது விழுந்தது.

மணியைப் பேசிச் சொல்லும் கைப்பேசியை இளைஞர்கள் அவருக்கு வாங்கிக் கொடுத்தார்கள். நல்ல பொருள்தான், பலருக்கு உதவுவதும்தான். ஆனால் தடவித் தடவிப் பொத்தானைத் தேடுவதும், மின்னேற்றம் தீர்ந்து அது ஊமையாவதும் அவருக்கு ஒத்துவரவில்லை. அவர் சொன்ன காரணம் நம் நெஞ்சில் தைத்தது. "கேட்டால் சொல்லுகிற பொருள் இது. எனக்கு வேண்டியது கேளாமலே சொல்லுகிற பொருள்" என்றார். நிழல் அப்படிப்பட்டதுதான். எவரும் கேளாமலே அது தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

அச்சமயத்தில்தான் பிரான்சு நாட்டில் பணிபுரியும் நம் சகோதரி மகன் விடுமுறைக்கு வந்தான். புதுச்சேரிப் பகுதியில் பிரான்சோடு தொடர்பில்லாத தெருவைக் காண்பது அரிது. அவன் தன் பெட்டியில் ஒரு நெட்டைக் கடிகாரத்தின் உறுப்புகளைப் பிரித்த நிலையில் கொண்டுவந்திருந்தான். நம் வீட்டுக் கூடத்தில் வைப்பதற்காக ஆசையோடு வாங்கியது. ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் இவ்வகைக் கடிகாரத்தை ஆங்கிலேயர் 'தாத்தா கடிகாரம்' என்பர். 1876இல் ஹென்றி கிளே வொர்க் என்ற அமெரிக்கர் இயற்றிய பாட்டொன்றிலிருந்து அப்பெயர் பரவிற்று. தென் ஜெர்மனியில் செய்த பித்தளை இயந்திரம், முகப்புத் தகடு, இரண்டு முட்கள், ஊசல், இரண்டு சங்கிலிகள், அடிக்கும் கம்பிகள், கூடு செய்வதற்கான வரைபடத் தாள் ஆகியவை பெட்டியில் இருந்தன. எடைக் குண்டுகள் வெற்றுக் குழல்களாகவே வந்தன; ஈயத்தை இங்கேயே உருக்கி ஊற்றிக்கொள்ள வேண்டும். மரமும் நம் பொறுப்பே.

"மாமா, இதை நாமே சேர்த்துவிடலாம், தாளில் எல்லாம் போட்டிருக்கிறது" என்றான் மருமகன். சேர்ப்பதென்றால் அது பள்ளிவாசலுக்காகவே சேர்க்கப்பட வேண்டும் என்று நாம் சொன்னோம். ஒரு கணம் தயங்கினான். மோதினாரின் நிலையைக் கேட்டதும் மறுக்கவில்லை.

வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து ஓர் ஆசாரி வந்தார். தேர் வேலை செய்த குடும்பத்தவர். இடித்த பழைய வீடொன்றின் தேக்கு உத்தரம் நம்மிடம் கிடந்தது. அதைத் தட்டிப் பார்த்து, மோந்து பார்த்து, "அசரத்து, இது இனிமேல் வளையாது, சுருங்காது, வளைய வேண்டிய காலத்தையெல்லாம் வளைஞ்சு முடிச்சிருச்சு" என்றார். கூட்டுக்குப் பழைய மரமே சிறந்தது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எந்தத் தாளிலும் இல்லை. வரைபடத்தில் திருகாணி குறித்திருந்த இடங்களில் அவர் கழுந்தும் துளையுமாகவே பொருத்தினார். தேருக்கு எதற்கு ஆணி என்பது அவர் கட்சி. ஆறேகால் அடி உயரத்தில் கூடு எழுந்து நின்றபோது ஓர் ஆணிகூட அதன் சட்டத்தில் இல்லை.

இயந்திரத்தின் அமைப்பு நமக்குப் பெருவியப்பை அளித்தது. அதில் மின்சாரமில்லை, சுருள் வில்லும் இல்லை. குண்டு தன் பாரத்தால் கீழே இறங்க விரும்புகிறது. அந்த விருப்பமே கடிகாரத்தின் உயிர். குண்டைத் தாங்கும் சங்கிலி ஒரு சக்கரத்தைத் திருப்ப, அது அடுத்ததைத் திருப்ப, கடைசியில் முப்பது பற்கள் கொண்ட ஒரு சக்கரத்தை வந்தடைகிறது விசை. தடையின்றி விட்டால் குண்டு சற்று நேரத்தில் தரையைத் தொட்டுவிடும். அதைத் தடுப்பது நங்கூரம் போன்ற ஒரு சிறு கவை. ஊசல் ஒருபுறம் சாயும்போது கவையின் ஒரு முனை பல்லை விடுவிக்கிறது. மறுபுறம் சாயும்போது மறு முனை விடுவிக்கிறது. ஒரு பல்லுக்கு இரண்டு தட்டு. முப்பது பல்லுக்கு அறுபது தட்டு. ஊசலின் ஒவ்வொரு வீச்சும் ஒரு வினாடி என்பதால் அச்சக்கரம் சரியாக ஒரு நிமிடத்தில் ஒரு சுற்று முடிக்கிறது. பாய விரும்பும் ஆற்றலை அளந்து அளந்து விடுவதே இதன் இரகசியம். மனித மனத்தை நோன்பு பழக்குவதும் இவ்வாறே அல்லவா?

இரசமட்டம் வைத்துத் தரையைச் சரிபார்த்து, கூட்டை நிறுத்தி, ஊசலை மயிரிழை போன்ற எஃகுத் தகட்டில் தொங்கவிட்டு ஆட்டிவிட்டோம். முதலில் அதன் நடை ஒரு கால் நொண்டி நடப்பதுபோல் கேட்டது. 'டிக்' விரைந்தும் 'டாக்' தாமதித்தும் வந்தது. கவையை ஊசலோடு இணைக்கும் தண்டை மிகச் சிறிதளவு ஒருபுறம் வளைத்தால் இது சீராகும். சீராயிற்றா என்பதைக் கண் சொல்லாது. காதுதான் சொல்ல வேண்டும். மருமகனும் ஆசாரியும் நாமும் காதை வைத்து மாறிமாறிக் கேட்டோம். முடிவில் மோதினாரை அழைத்தோம். சுவரில் சாய்ந்து கண்களை மூடி நின்று, "இன்னும் கொஞ்சம்... இன்னும் ஒரு இழை... போதும்" என்றார். அவர் 'போதும்' என்ற இடத்தில் நின்றது இன்றுவரை நிற்கிறது.

ஆனால் கடிகாரம் பின்தங்கிற்று. ஊசல் குண்டைத் தாங்கும் மரையைத் தாளில் கண்ட குறியில்தான் வைத்திருந்தோம். அப்படியிருந்தும் நாளொன்றுக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் தாமதம். பல்லில் தூசு என்றார் ஆசாரி. இயந்திரமே பழுது என்றான் மருமகன். நாம் வேறொன்றைச் சொன்னோம். பழுது எதிலும் இல்லை. பூமியின் அமைப்பு அப்படி.

1672இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானூலார் பாரிசிலிருந்து தென் அமெரிக்காவின் கயேன் தீவுக்குச் சென்றார். பாரிசில் சரியாக ஓடிய அவருடைய ஊசல் கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கிற்று. ஊசலின் நீளத்தை மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகச் சுருக்கிய பின்னரே அது ஒழுங்காயிற்று. பூமி சரியான உருண்டை அன்று. தன்னைத் தானே சுற்றுவதால் நடுவில் சற்றே புடைத்திருக்கிறது. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கப் புவியின் ஈர்ப்பு சிறிது குறைகிறது. ஊசலும் சற்றே மெல்ல ஆடுகிறது. நியூட்டன் தம் கொள்கைக்குக் காட்டிய சான்றுகளுள் ரிஷேயின் கடிகாரமும் ஒன்று.

இச்செய்தியில் நம் மண்ணுக்கும் பங்குண்டு. லெ ழாந்தீ என்ற பிரெஞ்சு வானூலார், வெள்ளிக் கோள் கதிரவனைக் கடந்து செல்லும் அரிய காட்சியை அளப்பதற்காகப் புதுச்சேரியை நாடிப் புறப்பட்டார். 1761இல் நடந்த போரினால் கரையேற முடியாமல் கடலிலேயே அக்காட்சியைக் கண்டார். ஆடும் கப்பலில் அளவெடுக்க இயலவில்லை. அடுத்த கடப்புக்காகக் கீழைக் கடல்களிலேயே காத்திருந்து, 1768இல் புதுச்சேரி சேர்ந்து, இடிந்த கோட்டையின் எச்சங்களுக்கிடையே ஆய்வுக்கூடம் அமைத்தார். 1769 ஜூன் 4 விடியலில் மேகம் வந்து மூடிற்று. கடப்பு முடிந்தபின் வானம் வெளுத்தது. மனிதன் திட்டமிடுகிறான், முடிவு அவன் கையில் இல்லை என்பதற்கு இதைவிடத் துலக்கமான சான்று வேண்டுமோ? ஆயினும் அவருடைய காத்திருப்பு வீண்போகவில்லை. சோழிகளை நகர்த்தி நகர்த்தி, நூலைப் பாராமலே, முக்கால் மணி நேரத்தில் கிரகணத்தைக் கணித்துக் காட்டிய தமிழர் ஒருவரிடம் அக்கணக்கைக் கற்று உலகுக்கு எழுதினார். வினாடி ஊசலின் நீளத்தையும் புதுச்சேரியில் அளந்தார். பூமியின் வடிவை ஆராய்ந்த லாப்லாஸ் என்ற பேரறிஞர் தொகுத்த ஊசல் அளவுகளின் பட்டியலில் பாரிசு, லண்டன், பீட்டர்ஸ்பர்க் ஆகிய நகரங்களோடு புதுச்சேரியும் இடம்பெற்றது அதனால்தான்.

ஆகவே நம் கணக்கு எளிது. தென் ஜெர்மனி நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 48 பாகை வடக்கே இருப்பது. அங்கே சரியாக ஓடும் ஊசல் நம் பன்னிரண்டு பாகைக்கு வந்தால் நாளொன்றுக்குச் சுமார் இரண்டு நிமிடம் தாமதிக்கும். நம் வெப்பத்தில் பித்தளைத் தண்டு நீளுவதால் மேலும் சுமார் பத்து வினாடி சேரும். வினாடி ஊசலில் ஒரு மில்லிமீட்டர் குறைத்தால் நாளொன்றுக்குச் சுமார் 43 வினாடி முந்தும். மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு மரையை ஏற்றினோம். கடிகாரம் ஒழுங்குக்கு வந்தது. எங்கோ செய்த கருவி நம் மண்ணின் ஈர்ப்புக்குத் தன்னைச் சற்றே குறுக்கிக்கொண்டது என்றோம். ஆசாரி சிரித்தார்: "வந்த ஊருக்குத் தக்கபடி வளைஞ்சுதான் ஆகணும், அசரத்து."

இங்கே நம்மவர்க்கு ஒன்று சொல்ல வேண்டும். ஊசலைக் கண்டவர் எகிப்தின் இப்னு யூனுஸ் என்று நம் மேடைகளில் பெருமையாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம், ஏடுகளிலும் படித்திருக்கிறோம். அதற்கு அவருடைய நூல்களில் ஆதாரம் ஏதுமில்லை. டேவிட் கிங் என்ற ஆய்வாளர் 1979இலேயே இத்தவறு பரவிய வழியை ஆராய்ந்து காட்டியிருக்கிறார். ஊசலைக் கடிகாரத்தில் பூட்டியவர் 1656இல் ஹாலந்து நாட்டு ஹைகன்ஸ். இல்லாத பெருமையை ஏற்றுக்கொள்வது இருக்கும் பெருமையை மறைத்துவிடும். 1009இல் மறைந்த இப்னு யூனுஸின் பெயரோடு கெய்ரோவில் வழங்கிய தொழுகை நேரப் பட்டியல்கள், பலர் கைபட்டு விரிந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை பயன்பட்டன. டமாஸ்கஸ் உமையா பள்ளிவாசலில் வேளை கணிக்கும் 'முவக்கித்' ஆக இருந்த இப்னு ஷாத்திர் 1371ஐ ஒட்டி அப்பள்ளியின் மினாராவுக்குச் செய்தளித்த நிழற்கடிகாரம், சம அளவான மணிகளையும் தொழுகை நேரங்களையும் ஒருங்கே காட்டிற்று. அதே பள்ளியின் ஜைரூன் வாயிலில் இருந்த நீர்க்கடிகாரத்தைப் பற்றி, அதைச் செய்தவரின் மகன் ரிள்வான் 1203இல் ஒரு நூலே எழுதினார். அல் ஜஸரீ 1206இல் முடித்த நூலில் யானை வடிவ நீர்க்கடிகாரத்தின் ஒவ்வோர் உறுப்பையும் அடுத்தவர் செய்யத்தக்கவாறு விவரித்தார். தக்கியுத்தீன் பதினாறாம் நூற்றாண்டில் பற்சக்கரக் கடிகாரங்களைப் பற்றி அரபியில் நூல் இயற்றினார். இவை மெய்யானவை, இவையே போதும். நம் தமிழ் முன்னோரும் துளையிட்ட வட்டிலை நீரில் மிதக்கவிட்டு நாளை அறுபது நாழிகையாக அளந்தார்கள். 'கடிகாரம்' என்ற சொல்லே நாழிகையைக் குறிக்கும் 'கடிகை'யின் உறவுதானே?

கடிகாரம் ஒழுங்கானதும் வேறொரு வினா எழுந்தது. மணியோசை பள்ளிவாசலுக்குள் ஆகுமா என்று ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். மதீனாவில் தொழுகைக்கு மக்களை எவ்வாறு அழைப்பது என்று ஆலோசித்தபோது மணி, கொம்பு ஆகியவை பேசப்பட்டதும், பின்னர் மனிதக் குரலாலான பாங்கே நிலைபெற்றதும் நாம் அறிந்த வரலாறு. ஆகவே தொழுகைக்கு அழைப்பதாக மணி அமைதல் கூடாது. நம் கடிகாரம் எவரையும் தொழுகைக்கு அழைக்கவில்லை. மோதினாருக்கு நேரத்தைச் சொல்லுகிறது. அழைப்பவர் அவரே. தமிழகத்துப் பள்ளிவாசல்கள் பலவற்றில் அடிக்கும் சுவர்க்கடிகாரங்கள் நெடுங்காலம் தொங்கியவைதாமே? எனினும் பெரியவரின் கவலைக்கு மதிப்பளித்தோம். இவ்வகைக் கடிகாரங்கள் பல, லண்டன் மணிக்கூண்டின் இசையைக் கால்மணிக்கு ஒருமுறை இசைப்பவை. நம்முடையது மணிக்கு மணி எண்ணிக்கையும் அரைமணிக்கு ஒரு தட்டும் மட்டுமே அடிப்பது. அதையும் தொழும் கூடத்தில் வைக்காமல், வெளித் தாழ்வாரத்தில் மோதினாரின் அறைக்கு அருகில் நிறுத்தினோம். பெரியவர் மனம் நிறைந்து, முதல் முறை சங்கிலியைத் தாமே இழுத்துவிட்டார்.

இனி மோதினார் எப்படிப் பயன்கொள்கிறார் என்பதைச் சொல்ல வேண்டும். அதற்கு நம் ஊர் நேரத்தின் கணக்குத் தெரிய வேண்டும். இந்திய நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு வகுத்தது. 1906 முதல் நடைமுறையில் இருப்பது. ஏம்பலம் அதற்கு மேற்கே இருப்பதால் நமக்கு உச்சிப் பொழுது சுமார் 11 நிமிடம் பிந்தி வருகிறது. கதிரவனின் நடையும் ஆண்டு முழுவதும் ஒரே சீரானதன்று. இரண்டையும் சேர்த்தால், பிப்ரவரி 11ஐ ஒட்டி நம் ஊரில் உச்சி சாய்வது 12.25க்கு, நவம்பர் 3ஐ ஒட்டி 11.55க்கே. ஆண்டின் மற்ற நாட்களெல்லாம் இவ்விரண்டுக்கும் இடையில். ஆகவே நண்பகலில் பன்னிரண்டு அடித்தபின் வரும் ஒற்றைத் தட்டு, அதாவது 12.30, ஆண்டின் எந்த நாளிலும் உச்சி சாய்ந்த பிறகே வருகிறது. அதைக் கேட்டு அவர் எழுந்தால் லுஹரின் பாங்கு ஒருநாளும் வேளைக்கு முந்தாது. அவருக்கு இதைச் சொன்னபோது முகம் மலர்ந்தது. "கோல் சொன்னதும் இதைத்தான் ஹஜ்ரத், தை மாசி மாதங்களில் நிழல் தாமதமாகத் திரும்பும்" என்றார். நாம் பட்டியலில் கண்டதை அவர் கூழாங்கல்லில் கண்டிருந்தார்.

மஃரிபு அவ்வளவு எளிதன்று. நவம்பரில் 5.40 அளவில் மறையும் பரிதி ஜூலைத் தொடக்கத்தில் 6.40 அளவில் மறைகிறது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாறும் நேரங்களை அவருக்கு ஓதிக் கொடுத்தோம். திருமறையை மனனம் செய்வதுபோல் அதையும் மனத்தில் பதித்துக்கொண்டார். இடைப்பட்ட நிமிடங்களை அளக்க அவரே ஒரு வழி கண்டார். ஊசலின் தட்டு ஒன்றுக்குத் தஸ்பீஹின் ஒரு மணியை உருட்டுகிறார். அவருடையது நூறு மணித் தஸ்பீஹு. ஒரு சுற்று நூறு வினாடி. மூன்று சுற்று முந்நூறு வினாடி, அதாவது சரியாக ஐந்து நிமிடம். ஆறு அடித்தபின் எத்தனை சுற்று என்பதே அவருடைய மஃரிபுக் கணக்கு. ஒவ்வொரு மணிக்கும் அவர் உதடு அசைவதைப் பார்த்திருக்கிறோம். காலத்தை அளக்கும்போதே அதைத் திக்ரால் நிரப்பிக்கொள்ளும் பேறு எத்தனை பேருக்கு வாய்க்கும்?

சுபுஹுக்கு மட்டும் அவர் ஒரு மனிதரின் வாயையும் எதிர்பார்க்கிறார். கடிகாரக் கணக்கு முடிந்தபின்னும், அருகிலிருக்கும் ஒருவர் "நேரமாகிவிட்டது" என்று சொன்ன பிறகே ஒலிபெருக்கியை நெருங்குகிறார். இதற்கு முன்மாதிரி உண்டு. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பள்ளியில் பாங்கு சொன்ன இருவருள் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் பார்வையற்றவர்கள். விடிந்துவிட்டது என்று பிறர் தெரிவித்த பின்னரே வைகறைப் பாங்கைச் சொல்லுவார்கள் என்று ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. பார்வை இல்லை என்பதற்காக அவர்களை அப்பணியிலிருந்து எவரும் விலக்கவில்லை. அவர்களுக்குப் பார்வையாக அடுத்தவர்கள் நின்றார்கள். நிர்வாகத்தாரிடம் நாம் இதை எடுத்துச் சொன்னபோது மறுப்புரை எழவில்லை. மோதினார் பணியில் தொடர்கிறார். பாங்கு இடம் மாறவில்லை, குரல் மாறவில்லை.

ஒரு பொருளை விலை கொடுத்து முழுதாக வாங்கியிருந்தால் நமக்கு நேரம் மட்டுமே கிடைத்திருக்கும். உறுப்பு உறுப்பாகச் சேர்த்ததனால் அதன் ஒவ்வொரு பல்லும் எதற்கென்று தெரிந்தது. எதை நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்பதும் தெரிந்தது. வெயில் ஏறினால் அது பிந்தும்; மார்கழிக் குளிரில் முந்தும். ஆகவே வாரத்துக்கு ஒருமுறை சரிபார்த்தாக வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் மாணவர் இருவர் சங்கிலியை இழுத்துக் குண்டுகளை ஏற்றுகிறார்கள். எட்டு நாள் ஓடும் கடிகாரம் என்றாலும் எட்டாம் நாளை எதிர்பார்ப்பதில்லை. அதே மாணவர்கள் ஹவுளின் ஓரத்தில் மீண்டும் கோலை நட்டிருக்கிறார்கள். ஒருவன் நிழலைப் பார்த்துக் கல் வைக்கிறான். மற்றவன் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறான். அவர்களுக்கு நடுவே மோதினார் அமர்ந்து, கல் எங்கே இருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்துத் திருத்துகிறார்.

நம் மதரஸாக்களின் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொழுகை நேரங்களின் பாடத்தை வகுப்பறைக்குள் மட்டும் நடத்தாதீர்கள். முற்றத்தில் ஒரு கோலை நடுங்கள், அதற்குச் செலவில்லை. இயலுமானால் பழைய கடிகாரம் ஒன்றைப் பிரித்துக் காட்டுங்கள். வரும் ஏப்ரல் 21ஐ ஒட்டி, பன்னிரண்டு மணி பத்து நிமிட அளவில், பிள்ளைகளை வெளியே அழைத்து வந்து நிறுத்துங்கள். தம் நிழல் தம் காலடியிலேயே ஒடுங்கிக் கிடப்பதை அவர்கள் காணட்டும். அன்று மாலை மூன்றேகால் மணி அளவில் கோலின் நிழல் கோலுக்குச் சமமாக நீண்டு கிடப்பதையும் காணட்டும். அதன்பின் அஸர் எப்போது என்று எந்தப் பலகையும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.